டாரட் சீட்டுகளின் ஓவியங்கள்: ஆடியவர்கள் அவற்றில் என்ன பார்த்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாரட் கட்டு சீட்டாடுவதற்காக உருவானது. அதை வைத்துக் குறி சொல்வது பரவலானது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இத்தாலியிலும் பிரான்ஸிலும் அரசர்கள், வணிகர்கள், சாராயக்கடை வாடிக்கையாளர்கள் என்று பலரும் அந்த ஓவியங்களைக் கையில் பிடித்து ஆடியிருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு அந்தப் படங்கள் என்னவாகத் தெரிந்தன என்பதைப் பற்றியே இந்தப் பக்கம். எதிர்காலம் பார்ப்பது எப்படி என்று தேடி வந்தவர்களுக்கு இங்கே பதில் கிடைக்காது. ஆனால் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், அவற்றைப் பார்க்கும் விதமே மாறிவிடும் என்று நம்புகிறேன்.

டாரட் எப்போது, எங்கே தோன்றியது?

வட இத்தாலியில், 1440ஐ ஒட்டி. சாதாரணச் சீட்டுக்கட்டு அதற்கு முன்பே ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. 1377இல் ஃபிளாரன்ஸ் நகரம் சீட்டாட்டத்தைத் தடுக்கச் சட்டம் போட்டிருக்கிறது. புதிதாகப் பரவிய ஆட்டம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

டாரட்டைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு ஒரு நாட்குறிப்பில் இருக்கிறது. அங்கியாரி ஊரைச் சேர்ந்த ஜூஸ்தோ ஜூஸ்தி என்ற பத்திர எழுத்தர், 1440 செப்டம்பர் 16ஆம் தேதி, ரிமினியின் ஆட்சியாளர் சிஜிஸ்மோந்தோ மலதெஸ்தாவுக்கு ஒரு கட்டைப் பரிசாகக் கொடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஃபிளாரன்ஸில் சொல்லிச் செய்தது, மலதெஸ்தாவின் குலச்சின்னம் பொறித்தது, விலை நான்கரை டூகட் என்ற பொற்காசு. 1442இல் ஃபெராராவின் எஸ்தே அரசவைக் கணக்கில் நான்கு கட்டுகள் வரைந்த ஓவியருக்குக் கொடுத்த கூலி பதிவாகியிருக்கிறது. அப்போது அதன் பெயர் ‘ட்ரியோன்ஃபி’, அதாவது வெற்றி ஊர்வலங்கள். ‘தாரோக்கி’ என்ற பெயர் 1505 வாக்கில்தான் ஏடுகளில் வருகிறது.

இதை எப்படி ஆடினார்கள்?

304, 28 போன்ற ஆட்டங்கள் தெரிந்தவர்களுக்கு இதைப் பிடித்துக்கொள்வது சுலபம். ஒருவர் இறக்கும் சீட்டின் இனத்திலேயே மற்றவர்களும் போட வேண்டும். அந்த இனம் கையில் இல்லை என்றால் துருப்பு போட்டு வெட்ட வேண்டும். பெரிய சீட்டு பிடியை எடுக்கும்.

வித்தியாசம் துருப்பில்தான். நம் ஆட்டங்களில் நான்கு இனங்களில் ஒன்றைத் துருப்பாக வைத்துக்கொள்கிறோம். டாரட்டில் துருப்புக்கென்றே தனியாக 21 ஓவியச் சீட்டுகள், கூடவே ‘கிறுக்கன்’ என்று ஒன்று. மற்ற 56 சீட்டுகள் வழக்கமான நான்கு இனங்கள். மொத்தம் 78. எப்போதும் இருக்கும் தனித் துருப்பு என்ற எண்ணமே அந்தக் காலத்தில் ஒரு புதுமை.

ஆரம்பகாலச் சீட்டுகளில் எண்கள் கிடையாது, பெயரும் எழுதப்படவில்லை. 21 படங்களில் எது எதை வெல்லும் என்பதை ஆடுபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். அதனால் படங்களும் அவற்றின் வரிசையும் பார்த்த உடனே புரிகிறவையாக, எல்லோருக்கும் முன்பே பழகியவையாக இருந்தாக வேண்டும். ரகசிய ஞானத்தை ஒளித்து வைத்த படங்களை வைத்துக்கொண்டு இப்படி ஒரு ஆட்டம் ஆடவே முடியாது. டாரட் ஓவியங்களைப் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

கோப்பை, நாணயம், வாள், தடி ஆகிய நான்கும் சமூகத்தின் நான்கு வகுப்புகளைக் குறிக்கின்றனவா?

கோப்பை குருமார், வாள் பிரபுக்கள், நாணயம் வணிகர், தடி உழவர் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது பிற்காலத்தவர் ஏற்றிச் சொன்ன பொருள்.

இந்த நான்கு இனங்களும் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டுகளிலிருந்து வந்தவை. இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் இருக்கும் மம்லூக் கட்டில் கோப்பை, நாணயம், வளைந்த வாள், போலோ மட்டை என்று நான்கு இனங்கள் உள்ளன. இத்தாலியர்களுக்குப் போலோ ஆட்டம் பழக்கமில்லை. மட்டை தடியாக மாறிவிட்டது.

இங்கே இந்தியாவோடும் ஓர் உறவு தெரிகிறது. பழைய தாரோக்கியில் வாளிலும் தடியிலும் பத்து பெரியது, கோப்பையிலும் நாணயத்திலும் ஒன்று பெரியது. அதாவது பாதி இனங்களில் எண் வரிசை தலைகீழ். பாரசீகத்திலிருந்து முகலாயர் வழியாக இந்தியாவில் பரவிய கஞ்சிஃபா வட்டச் சீட்டுகளிலும் இதே போலப் பாதி இனங்களில் வரிசை புரண்டிருக்கும். 1527இல் பாபர் சிந்துவிலிருந்த தன் நண்பருக்குக் கஞ்சிஃபா அனுப்பியதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரே குடும்பத்துக் கிளைகள் மேற்கேயும் கிழக்கேயும் போயிருக்கின்றன.

துருப்புப் படங்கள் எவை? எந்த வரிசையில்?

ஊருக்கு ஊர் வரிசை மாறியது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் இந்த வரிசைகளை ஒப்பிட்டு, பொலோன்யா–ஃபிளாரன்ஸ், ஃபெராரா, மிலான் என்று மூன்று மரபுகளாகப் பிரித்துக் காட்டினார். இப்போது பரவலாகப் புழங்குவது மிலான் மரபை ஒட்டிய வரிசை.

கீழிருந்து பார்த்தால் முதலில் தெருவில் வித்தை காட்டுபவன், பெண் போப், பேரரசி, பேரரசர், போப் என்று மனிதர்கள். நடுவில் காதல், வெற்றித் தேர், நீதி, மனவலிமை, அதிர்ஷ்டச் சக்கரம், கிழவர், தொங்குபவன், மரணம், தன்னடக்கம். மேலே பிசாசு, இடி விழும் கோபுரம், விண்மீன், நிலா, சூரியன், கல்லறைகளைத் திறக்கும் வானதூதர், உலகம். ஊர் எதுவானாலும் இந்த மூன்று படிநிலைகள் பெரிதாகக் கலையவில்லை. இடம் அதிகம் மாறியவை நீதி, மனவலிமை, தன்னடக்கம் என்ற மூன்று நற்பண்புகள்தான். ஃபெராராவில் நீதி உலகத்துக்கு அடுத்த இடத்துக்கே ஏறிவிட்டது. கடைசித் தீர்ப்பு நாளில் நீதிதானே வழங்கப்படும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

அந்த வரிசைக்கு என்ன பொருள்?

ஒரு சீட்டு மற்றொன்றை வெல்கிறது என்பதே இங்கே கருத்து. போப்பைக் காதல் வெல்லும். காதலைத் தேர் வெல்லும். தேரில் வரும் வெற்றி வீரனைச் சக்கரம் கவிழ்க்கும். காலமும் மரணமும் அதற்கு மேலே. மரணத்தைத் தாண்டிய பிறகு பிசாசும் நெருப்பும், அப்புறம் வெளிச்சம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகிறது: விண்மீன், நிலா, சூரியன். கடைசியில் உயிர்த்தெழுதலும் புதிய உலகமும்.

இது அந்தக் காலக் கிறிஸ்தவ இத்தாலியில் எவரும் மறுக்காத உலகப் பார்வை. தேவாலயச் சுவரில் தீர்ப்பு நாள் ஓவியம் இருந்தது. பதுவாவில் ஜோத்தோ வரைந்த சிற்றாலயச் சுவரில் நீதியும் மனவலிமையும் தன்னடக்கமும் பெண் உருவங்களாக நின்றன. தெருவில் வெற்றி ஊர்வலம் நடந்தது. 1443இல் அரகோனின் அல்ஃபோன்ஸோ நேப்பிள்ஸ் நகருக்குள் பண்டைய ரோமாபுரித் தளபதி போலத் தேரில் நுழைந்தார். காதலைக் கற்பு வெல்ல, கற்பை மரணம் வெல்ல, மரணத்தைப் புகழும், புகழைக் காலமும், காலத்தை நித்தியமும் வெல்வதாகப் பெட்ரார்க் 14ஆம் நூற்றாண்டில் பாடிய நெடுங்கவிதை படித்தவர்கள் வீடுகளில் புழங்கியது. ஆட்டத்தின் பழைய பெயரும் அந்தக் கவிதையின் பெயரும் ஒன்றுதான். கவிதையைப் பார்த்து அப்படியே சீட்டு செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், படங்கள் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. ஒன்றை ஒன்று வென்று போகும் ஊர்வலம் என்ற கற்பனை இரண்டுக்கும் பொது.

யார் ஆடினார்கள்? இது பணக்காரர்களின் ஆட்டமா?

நமக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டுகள் அரசவைக்குரியவை. அதனால் அப்படித் தோன்றுகிறது. தங்கத் தகடு ஒட்டிய சீட்டை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். மரக்கட்டையில் அச்சடித்த மலிவுச் சீட்டு கிழியும் வரை ஆடப்பட்டுக் குப்பைக்குப் போயிருக்கும்.

அரசவைப் பக்கத்தில் செலவுக்கு எல்லையே இருக்கவில்லை. மிலானின் பிலிப்போ மரியா விஸ்கோந்தி பிரபு, கடவுளர் உருவங்கள் கொண்ட ஒரு கட்டுக்காக 1,500 பொற்காசு செலவழித்தார் என்று அவருடைய செயலாளராக இருந்த தெசெம்ப்ரியோ எழுதியிருக்கிறார். அது டாரட்டுக்குச் சற்று முந்தைய கட்டு, மிக்கேலினோ தா பெசோத்ஸோ வரைந்தது. இதோடு மலதெஸ்தாவுக்குப் போன நான்கரை டூகட் பரிசை வைத்துப் பாருங்கள்.

ஆனால் 1442லேயே எஸ்தே குடும்பத்துப் பிள்ளைகள் ஆடுவதற்கு ஒரு வணிகரிடமிருந்து ஆயத்தக் கட்டு வாங்கியதாகக் கணக்கு இருக்கிறது. அதாவது கடையில் கிடைக்கும் சரக்கு அப்போதே இருந்திருக்கிறது. பிறகு மர அச்சு வந்து, ஒரே தாளில் பல சீட்டுகளை அடித்து, அச்சுத்தகடு வைத்து வண்ணம் தீட்டி, ஒட்டி வெட்டி விற்றார்கள். வெட்டாமல் விட்ட சில தாள்கள் இன்றும் இருக்கின்றன. வீணான தாள்கள் புத்தக அட்டைக்குள் திணிக்கப்பட்டதால்தான் இப்படிச் சில நமக்குக் கிடைத்தன.

பெண்களும் ஆடினார்கள், தாராளமாக. மிலானில் பொரோமேயோ மாளிகைச் சுவரில் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரைந்த ஓவியம் ஒன்றில் சீமாட்டிகளும் ஆண்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் விஸ்கோந்தி கட்டில் ஒவ்வொரு இனத்திலும் ராஜா, ராணி, குதிரை வீரன், சேவகன் போதாதென்று குதிரை ஏறிய பெண்ணும் சேவகப் பெண்ணும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு சீமாட்டிக்காகச் செய்த கட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 16ஆம் நூற்றாண்டில் அரசவைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துருப்பைப் பொருத்திக் கவிதை பாடும் பொழுதுபோக்கும் இருந்தது.

விஸ்கோந்தி–ஸ்ஃபோர்சா கட்டு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பழைய கட்டுகளில் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது அது. 1450களில் மிலான் பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவுக்காகச் செய்தது. பெரும்பாலான சீட்டுகளை வரைந்தவர் கிரெமோனாவின் பொனிஃபாச்சோ பெம்போ என்று கருதுகிறார்கள். 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. பிசாசு, கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரை வீரன் ஆகிய நான்கும் இல்லை. ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், கையில் விரித்துப் பிடிப்பதே கஷ்டம்.

சீட்டு முழுக்க அரசியல். விஸ்கோந்திகளின் சின்னங்களும் ஸ்ஃபோர்சாவின் மோதிரங்களும் உடைகளில் கலந்து கிடக்கின்றன. பிரான்செஸ்கோ கூலிப்படைத் தளபதியின் மகன். விஸ்கோந்தி வம்சத்தின் ஒரே வாரிசான பியாங்கா மரியாவை 1441இல் மணந்து, ஆண் வாரிசு இல்லாமல் வம்சம் முடிந்தபின் 1450இல் மிலானைக் கைப்பற்றியவர். பிறப்புரிமை இல்லாத ஒரு பிரபுவுக்கு, மனைவியின் குலச்சின்னம் தன் சின்னத்தோடு சேர்ந்து இருப்பதை விருந்தாளிகள் கையில் கொடுத்து ஆடவைப்பது நல்ல அரசியல். 1450 டிசம்பரிலேயே அவர் ட்ரியோன்ஃபி கட்டு கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்சிக்கு வந்த ஆண்டே!

பெண் போப் எப்படி ஒரு கத்தோலிக்க நாட்டில் சீட்டில் வந்தார்?

ஸ்ஃபோர்சா கட்டில் அவர் கன்னியர் அங்கி அணிந்து, தலையில் போப்பின் மும்முடி, ஒரு கையில் சிலுவைக் கோல், மறு கையில் புத்தகத்துடன் அமர்ந்திருக்கிறார்.

1966இல் கெர்ட்ரூட் மோக்லி என்ற அமெரிக்க நூலகர் ஒரு விளக்கம் சொன்னார். மிலானில் குலியெல்மா என்ற பெண்ணைத் தூய ஆவியின் அவதாரமாக வணங்கிய சிறு கூட்டம் ஒன்று இருந்தது. அவர் இறந்தபின், மய்ஃப்ரேதா தா பிரோவானோ என்ற கன்னியரைத் தங்கள் போப்பாக அவர்கள் ஏற்றார்கள். 1300இல் சமய விசாரணை மன்றம் மய்ஃப்ரேதாவை எரித்துக் கொன்றது. அவர் விஸ்கோந்தி குடும்பத்துக்கு உறவு. அந்த உறவுக்காரியின் நினைவே இந்தச் சீட்டு என்பது மோக்லியின் கருத்து.

கதை மனத்தைத் தொடுகிறது, நானும் நம்ப விரும்பினேன். ஆனால் பெண் போப் எல்லா ஊர்க் கட்டுகளிலும் பரவியிருந்த துருப்பு. மிலான் குடும்பத்து நினைவு மட்டும் அதற்குக் காரணம் ஆக முடியாது. திருச்சபையையோ விசுவாசத்தையோ பெண் உருவமாக, சிலுவைக் கோலும் மகுடமுமாக வரைவது ஓவியர்களுக்கு வழக்கம்தான். ஜோத்தோவின் விசுவாச உருவமும் கையில் சிலுவைக் கோலோடுதான் நிற்கிறது. ஓவியர் அந்த மாதிரியிலிருந்து எடுத்திருக்கலாம். அதோடு, ஆண் வேடமிட்டுப் போப்பான ஜோவான் என்ற பெண்ணின் கதையை அந்தக் காலத்தவர் உண்மை என்றே நம்பினார்கள்.

ஓவியர் எதை எண்ணி வரைந்தாரோ, ஆடியவர்கள் ‘பெண் போப்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் மதகுருக்களுக்குக் கோபம் வந்தது. பெயர் தெரியாத ஒரு துறவியின் லத்தீன் பிரசங்கம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிடைத்திருக்கிறது. துருப்புகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தும் அவர், பெண் போப் வந்ததும் ‘பாவிகளே, கிறிஸ்தவ விசுவாசம் மறுப்பதல்லவா இது’ என்று பொங்குகிறார். அடுத்து, புனிதராக இருக்க வேண்டிய போப்பை இந்தப் போக்கிரிகள் தங்கள் தலைவனாக்கிவிட்டார்களே என்று புலம்புகிறார். ஃபிளாரன்ஸில் பிற்பாடு வளர்ந்த 97 சீட்டு ‘மின்கியாத்தே’ கட்டில் பெண் போப் காணாமலே போய்விட்டார்.

தலைகீழாகத் தொங்குபவர் தவம் செய்கிறாரா?

இல்லை. அவர் துரோகி. பழைய பெயர்களில் ஒன்றே அதுதான்: ‘இல் திராதித்தோரே’.

இத்தாலிய நகரங்களில் அவமான ஓவியம் என்று ஒரு தண்டனை இருந்தது. துரோகம் செய்தவன், மோசடி செய்துவிட்டு ஓடியவன், பணம் ஏமாற்றிய வணிகன் ஆகியோர் கையில் சிக்காவிட்டால், அவர்கள் உருவத்தைத் தலைகீழாகத் தொங்குவது போல நகர மன்றச் சுவரில் பெரிதாக வரைந்துவிடுவார்கள். பெயரும் குற்றமும் கீழே எழுதப்படும். மானத்தை முதலாகக் கொண்ட சமூகத்தில் அது சாவுக்குச் சமம். 1440இல், அங்கியாரிப் போருக்குப் பிறகு, ஃபிளாரன்ஸ் தன் எதிரிகளை இப்படி வரையச் சொன்னது. வரைந்த ஆந்த்ரேயா தெல் காஸ்தாக்னோவுக்குத் ‘தொங்குபவர்களின் ஆந்த்ரேயா’ என்று பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. 1478இல் மெதிச்சி குடும்பத்தைக் கொல்லச் சதி செய்தவர்களை போத்திச்செல்லி வரைந்தார். டாரட் பிறந்த அதே பத்தாண்டில், அதே நகரங்களில், ஆடியவர்கள் சந்தைக்குப் போகிற வழியில் பார்த்த காட்சி இது.

15ஆம் நூற்றாண்டுக் கட்டு ஒன்று பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் தொங்குபவன் இரு கைகளிலும் பணப்பை வைத்திருக்கிறான். காசுக்காகக் காட்டிக்கொடுத்தவன். யூதாஸை நினைக்காமல் எவரும் அதைப் பார்த்திருக்க முடியாது.

ஸ்ஃபோர்சா குடும்பத்துக்கு இந்தச் சீட்டு இன்னும் நெருக்கமானது. பிரான்செஸ்கோவின் தந்தை முத்ஸியோ அத்தெந்தோலோ, போப் பட்டத்துக்குப் போட்டியிட்ட ‘எதிர்ப்போப்’ 23ஆம் ஜானின் படையை விட்டு நேப்பிள்ஸ் அரசர் பக்கம் போனபோது, 1412இல் அவர் உருவத்தையே ரோமாபுரியில் தலைகீழாக வரைந்து மாட்டினார்கள். மகன் நாற்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தைத் தங்கப் பின்னணியில் சீட்டாகக் கையில் வைத்திருந்தார். ஆடும்போது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்!

மரணச் சீட்டு 13ஆம் எண் என்பது தற்செயலா?

தற்செயல் இல்லை என்றே தோன்றுகிறது. வரிசை ஊருக்கு ஊர் புரண்டபோதும் மரணம் மட்டும் பெரும்பாலும் 13இலேயே நின்றது. இயேசுவின் கடைசி இராவுணவில் 13 பேர் இருந்த நினைவு அதற்குப் பின்னால் இருக்கலாம். 1348இன் பெருங்கொள்ளை நோய்க்குப் பிறகு எலும்புக்கூடு குதிரை ஏறி வந்து பிஷப்பையும் பிரபுவையும் ஒன்றாக வெட்டும் ஓவியங்கள் பெருகின. யேல் கட்டில் மரணம் அப்படியே குதிரையில் வருகிறது, ஸ்ஃபோர்சா கட்டில் வில்லோடு நிற்கிறது.

அதிர்ஷ்டச் சக்கரத்தில் மனிதர்களுக்கு ஏன் கழுதைக் காது?

சக்கரத்தில் ஏறுபவன் ‘ஆள்வேன்’ என்கிறான், உச்சியில் இருப்பவன் ‘ஆள்கிறேன்’, இறங்குபவன் ‘ஆண்டேன்’, அடியில் கிடக்கும் கிழவன் ‘ஆட்சி இல்லாதவன் நான்’. இந்த நான்கு லத்தீன் வாசகங்களும் ஐரோப்பா முழுக்கப் பரவியவை. ஸ்ஃபோர்சா சீட்டில் உச்சியில் இருப்பவனுக்குக் கழுதைக் காதுகள். பதவி நிலைக்கும் என்று நம்புகிறவன் முட்டாள் என்பது பொருள். அரசவைக்குள்ளேயே அதைத் துணிந்து வரைந்திருக்கிறார்கள்.

கிறுக்கனுக்கும் வித்தைக்காரனுக்கும் என்ன இடம்?

ஸ்ஃபோர்சா கட்டின் கிறுக்கன் கந்தல் உடையும் தலையில் சிறகுகளுமாக, ஜோத்தோ வரைந்த மடமையின் உருவம் போலவே இருக்கிறான். ஆட்டத்தில் அவன் எதையும் வெல்ல மாட்டான், அவனையும் யாரும் பிடிக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் அவனைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சமூகத்தின் படிக்கட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு ஆட்ட விதியிலும் அதே இடம்.

வித்தைக்காரன் துருப்பிலேயே கடைசி. சந்தையில் மேசை போட்டுக் கோப்பையும் பந்தும் காட்டுகிறவன். எல்லாத் துருப்பும் அவனை வெல்லும், ஆனால் புள்ளிக் கணக்கில் ராஜாக்களுக்குச் சமம். அவனைக் காப்பாற்றிக் கொண்டுபோய்க் கடைசிப் பிடியை அவனை வைத்தே எடுப்பதுதான் பல ஊர்களில் பெரிய சாதனை. இன்று அவனுக்கு மந்திரவாதி என்ற கம்பீரமான பெயர் வைத்திருக்கிறார்கள். சந்தைக்காரனாக அவனைப் பார்ப்பதில்தான் எனக்கு ஈர்ப்பு அதிகம்.

திருச்சபை டாரட்டைத் தடை செய்ததா?

சூதைக் கண்டித்தார்கள், படங்களை அல்ல. மேலே சொன்ன துறவி, பகடை, சாதாரணச் சீட்டு, ட்ரியோன்ஃபி மூன்றையும் சேர்த்தே திட்டுகிறார். 21 துருப்பும் நரகத்துக்குப் போகும் ஏணியின் 21 படிகள் என்கிறார். மாந்திரீகம், குறி என்று ஒரு வார்த்தை கூட அதில் இல்லை. இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

நகரச் சட்டங்களோ டாரட்டுக்குச் சலுகை காட்டின. ஃபிளாரன்ஸ் 1450இல் அனுமதித்த ஆட்டங்களில் ட்ரியோன்ஃபியும் ஒன்று. அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பாமல் மூளையைப் பயன்படுத்தும் ஆட்டம் என்பதால் சதுரங்கத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

பொலோன்யா கட்டில் நான்கு மூர்கள் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) இருப்பது ஏன்?

1725இல் பொலோன்யாவின் மொந்தியேரி என்ற குருவானவர், புவியியல் கற்றுக்கொடுக்கும் தாரோக்கிக் கட்டு ஒன்றை வெளியிட்டார். நாடுகளின் ஆட்சி முறையைக் குறிக்கும்போது, பொலோன்யாவில் ‘கலப்பு ஆட்சி’ என்று போட்டுவிட்டார். நகர மன்றமும் போப்பின் பிரதிநிதியும் சேர்ந்து ஆள்வதாக நகரத்தார் நினைத்துக்கொண்டிருந்தது உண்மைதான். போப் தரப்புக்கு அது பொறுக்கவில்லை, ஆள்வது தாங்கள் மட்டுமே என்றார்கள். கட்டுகளை எரிக்கச் சொல்லி, சம்பந்தப்பட்டவர்களைக் கைது செய்தார்கள். ஊரில் எதிர்ப்பு கிளம்பவே விட்டுவிட்டார்கள். ஆனால் போகிற போக்கில் ஒரு நிபந்தனை: போப், பெண் போப், பேரரசர், பேரரசி நால்வரையும் சீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் நான்கு மூர் உருவங்கள் வந்தன.

ஆட்டம் துளிகூட மாறவில்லை என்பதுதான் விசேஷம். பொலோன்யாவில் அந்த நான்கு சீட்டும் முன்பே சம மதிப்பு. ஒரே பிடியில் இரண்டு விழுந்தால் பின்னால் விழுந்தது வெல்லும். இதே சங்கடம் வேறு இடங்களிலும் வந்தது. பெஸான்ஸோன் வகைக் கட்டில் போப்புகளுக்குப் பதில் ரோமக் கடவுளரான ஜூபிடரும் ஜூனோவும் வந்தார்கள். பெல்ஜியக் கட்டில் போப் இருந்த இடத்தில் பீப்பாய் மேல் மதுக்கடவுள் பாக்கஸ்.

அப்படியானால் எகிப்தியக் கதை எங்கிருந்து வந்தது?

பாரிஸிலிருந்து, 1781இல். 1499இல் பிரெஞ்சுப் படை மிலானைப் பிடித்த பிறகு ஆட்டம் பிரான்ஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போனது. மார்சேய் பாணிக் கட்டுகள் அதன் வாரிசுகள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆட்டம் வழக்கொழிந்திருந்தது. அந்தச் சமயத்தில் அந்துவான் கூர் த ஜெப்லான் என்ற அறிஞர், வெளியூரிலிருந்து வந்த ஒரு சீமாட்டி வீட்டில் அதைப் பார்த்தார். கால்மணி நேரத்தில் இது பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்று முடிவு கட்டிவிட்டார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல். அதற்கு முன் எகிப்து பெயரில் எதையும் சொல்லலாம்.

தொங்குபவனைப் பார்த்த அவர், ‘இது விவேகம் என்ற நற்பண்பு, ஒற்றைக் காலில் நிற்கிறது, அச்சடித்தவர் தலைகீழாகப் போட்டுவிட்டார்’ என்றார். அவமான ஓவியத்தை நேரில் பார்த்த தலைமுறை மறைந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதே! சுவர்களும் ஊர்வலங்களும் மறந்துபோன ஊரில் படங்கள் மட்டும் தனியாக வந்து நின்றன, அதனால் மர்மமாகத் தெரிந்தன. அந்த மர்மத்தின் மேல்தான் எத்தெய்யா என்ற பாரிஸ்காரர் 1785இல் டாரட் குறி நூல் எழுதி, பிறகு குறிக்கென்றே தனிக்கட்டும் வெளியிட்டார். 1850களில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மறைஞானி எபிரேய எழுத்துகளோடு 22 சீட்டுகளையும் கோத்தார்.

ரோமா நாடோடிகள் கொண்டுவந்தார்கள் என்கிறார்களே?

ஆதாரம் இல்லை. அவர்கள் கைரேகை பார்த்ததாகப் பழைய குறிப்புகள் உண்டு, டாரட்டோடு இணைத்தது 18ஆம் நூற்றாண்டுக் கற்பனை.

1781க்கு முன் யாருமே குறி பார்க்கவில்லையா?

பொலோன்யாவில் பார்த்திருக்கிறார்கள். 1750 வாக்கில் எழுதிய ஒரு தாளில் 35 சீட்டுகளுக்குக் குறிப்பொருள் தரப்பட்டிருக்கிறது. எல்லாம் வீட்டு விவகாரங்கள்: பயணம், கல்யாணம், துரோகம் போன்றவை. எகிப்தும் இல்லை, மறைஞானமும் இல்லை. கையில் இருக்கும் சீட்டை வைத்து ஊர்க்காரர்கள் பார்த்த எளிய குறி. அது எனக்கு நேர்மையான வழக்கமாகவே தெரிகிறது.

இப்போது கடையில் கிடைக்கும் டாரட் பழையதைப் போன்றதா?

பெரும்பாலும் 1909இல் லண்டனில் வெளியான ரைடர் கட்டும் அதன் வழித்தோன்றல்களும்தான். பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. பழைய கட்டுகளில் எண் சீட்டு என்றால் ஐந்து கோப்பை, ஏழு வாள், அவ்வளவே. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி வரைந்தார். அதற்கு முன்னோடி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்ட சோலா–புஸ்கா கட்டு. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. அவர் சில காட்சிகளை அதிலிருந்தே எடுத்திருக்கிறார்.

இன்னும் யாராவது ஆடுகிறார்களா?

ஆமாம், நிறையப் பேர். பிரான்ஸில் மிகப் பிரபலமான சீட்டாட்டங்களில் ஒன்று டாரட், 1973 முதல் தேசியச் சம்மேளனமே இருக்கிறது. ஆஸ்திரியாவில் ‘தாரோக்’, சிக்மண்ட் ஃபிராய்டுக்கு மிகப் பிடித்த ஆட்டம். பொலோன்யா, பீட்மாண்ட், சிசிலியின் சில ஊர்கள், சுவிட்சர்லாந்தின் சில பள்ளத்தாக்குகளிலும் ஆடுகிறார்கள். பிரெஞ்சுக் கட்டின் துருப்புகளில் இப்போது போப்பும் பிசாசும் இல்லை. மக்கள் நடனமாடுவது, வேட்டைக்குப் போவது போன்ற அன்றாடக் காட்சிகளும் பெரிய எண்களும்தான்.

மூலச் சீட்டுகளை எங்கே பார்க்கலாம்?

ஸ்ஃபோர்சா கட்டின் 35 சீட்டுகள் நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், 26 பெர்கமோவின் கர்ராரா கலைக்கூடத்திலும் இருக்கின்றன. 13 கொலியோனி குடும்பத்திடம். யேல் கட்டு பைனெக்கி நூலகத்தில். சோலா–புஸ்காவை இத்தாலிய அரசு 2009இல் வாங்கி மிலானின் பிரேரா கலைக்கூடத்தில் வைத்தது. மார்கனும் பைனெக்கியும் படங்களை இணையத்தில் பெரிய அளவில் ஏற்றியிருக்கின்றன. சீட்டின் மேல் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஸ்ஃபோர்சா சீட்டுகளில் ஆணி அடித்த சிறு துளை தெரியும். எப்போதோ யாரோ அவற்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.